நான்கு பிப்பெட்டுகளுடன் ஐந்தரை வருடம்

முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்கென்று ஒரு ஸ்டாண்டும், அதில் மாட்ட நான்கு மைக்ரோபிப்பெட்டுகளும் வந்தன. மிகச் சிறிய அளவுத் திரவத்தை அளந்து எடுத்து விடும் கைக்கருவிகள் இவை. அதிகபட்ச அளவு 2, 20, 200, 1000 மைக்ரோலிட்டர் (ஒரு மைக்ரோலிட்டர் என்பது மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நான்கும் ஒரே கம்பெனி. கட்டைவிரலால் அழுத்தி இயக்குபவை, அளவை நாமே திருகி மாற்றிக்கொள்ளும் ரகம். பெட்டியை நானே பிரித்து, ஒவ்வொன்றின் மேலும் மார்க்கரால் என் பெயரின் முதல் எழுத்தை எழுதி வைத்தேன். ஐந்தரை வருடம் கழித்து, ஆய்வேட்டைச் சமர்ப்பித்த கையோடு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். எழுத்து அழிந்துவிட்டது. பிப்பெட்டுகள் இன்னும் வேலை செய்கின்றன.

லேபில் எத்தனையோ பெரிய கருவிகள் இருக்க, பிப்பெட்டுக்கு ஏன் மதிப்புரை? என் ஆய்வு ஒரு புரதத்தைப் பற்றியது. பழ ஈயின் தலையில் மிகக் குறைவாகவே உருவாகும் அந்தப் புரதம் அதன் பசியில் என்ன வேலை செய்கிறது என்பதுதான் கேள்வி. முதலில் மரபணுவை வெட்டி ஒட்ட வேண்டும். அதை பாக்டீரியாவுக்குள் செலுத்திப் புரதத்தைத் தயாரிக்க வேண்டும். வளர்ப்புச் செல்களில் அது எங்கே போய் உட்காருகிறது என்று பார்க்க வேண்டும். கடைசியில், அந்த மரபணு இல்லாத ஈ எவ்வளவு குடிக்கிறது என்று அளக்க வேண்டும். மூலக்கூறில் தொடங்கி முழு உயிர் வரை போகும் இந்த வழியில், ஒவ்வொரு கட்டத்திலும் இயந்திரம் மாறியது, அறை மாறியது, சொல்லிக்கொடுத்தவர் மாறினார். கையில் இருந்த இந்த நான்கு மட்டும் மாறவில்லை. என் ஆய்வேட்டில் உள்ள எந்த எண்ணை எடுத்தாலும் அது இவற்றில் ஒன்றின் வழியாக வந்ததுதான்.

வேலை செய்யும் விதம் எளிது. உள்ளே ஒரு பிஸ்டன், அதைச் சுற்றிக் காற்று கசியாமல் அடைக்கும் வளையமான ஒரு ஓ-ரிங், மேலே ஸ்பிரிங். முதல் தடை வரை அழுத்தி, நுனியில் மாட்டிய பிளாஸ்டிக் டிப்பைத் திரவத்தில் வைத்து, மெல்ல விட்டால் அளந்த திரவம் ஏறும். வெளியே விடும்போது முதல் தடையைத் தாண்டி இரண்டாவது வரை அழுத்தினால் மிச்சத் துளியும் போய்விடும். பிஸ்டன் திரவத்தைத் தொடுவதே இல்லை. நடுவில் ஒரு காற்றுத் தலையணை இருக்கிறது. இந்தக் கருவியின் நல்லதும் கெட்டதும் அந்தக் காற்றில்தான். காற்று இருப்பதால் டிப்பை மட்டும் தூக்கிப்போட்டுவிட்டு அடுத்த மாதிரிக்குப் போகலாம். அதே காற்று உள்ளங்கைச் சூட்டில் விரியும். எத்தனால், அசிட்டோன் போன்றவற்றின் ஆவி அதற்குள் கலந்து, டிப்பிலிருந்து தானாகச் சொட்டும். குளோரோஃபாம் தண்ணீரைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம், அது இன்னும் மோசம். இவற்றை எடுப்பதற்கு முன் அதே டிப்பில் இரண்டு மூன்று முறை ஏற்றி இறக்கி உள்காற்றை நனைத்துக்கொண்டால் சொட்டுவது குறையும். முதல் வருடத்தில் இது தெரியாமல் மேசையெல்லாம் குளோரோஃபாம் சிந்தியிருக்கிறேன்.

நான்கில் எனக்குப் பிடித்தது 20. இரண்டிலிருந்து இருபது மைக்ரோலிட்டர் வரை எடுக்கும். டிஎன்ஏவை வெட்டும் நொதி, ஒட்டும் நொதி, அதைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர், நீளவாரியாகப் பிரித்துப் பட்டைகளாகக் காட்டும் ஜெல்லில் ஏற்றும் மாதிரி என்று மூலக்கூறு வேலையில் பெரும்பகுதி இந்த எல்லைக்குள் முடிந்துவிடும். 200-ஐப் பற்றிக் குறை சொல்ல எதுவுமே இல்லை. 1000-ஐ நான் அதிகம் எடுத்தது செல் வளர்ப்பில்தான். டிரிப்சின் என்ற நொதி போட்டுப் பிரித்த செல்களை நுரை வராமல் மெல்ல ஏற்றி இறக்கிக் கலக்குவதற்கு அதன் ஸ்பிரிங் நன்றாக ஒத்துழைக்கும். 2 மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. 0.2 வரை எடுக்கலாம் என்று போட்டிருக்கிறது. 1-க்குக் கீழே போனால் டிப்பின் உள்சுவரில் ஒட்டுவது எவ்வளவு, உள்ளே இறங்கியது எவ்வளவு என்று நிம்மதியாகச் சொல்ல முடியவில்லை. இரண்டாம் வருடத்துக்குப் பிறகு, 0.5 எடுக்க வேண்டிய இடத்திலெல்லாம் கரைசலைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து 5 எடுக்கும்படி திட்டத்தை மாற்றிக்கொண்டேன். வாங்குபவர்களுக்கு என் யோசனை இதுதான்: 2-ஐ லேபுக்குப் பொதுவாக ஒன்று வைத்தால் போதும், ஆளுக்கொன்று வேண்டாம்.

கூட வந்த கையேட்டில் இல்லாத சில விஷயங்களைச் சொல்கிறேன், இவைதான் உண்மையில் உதவின. அளவைக் கூட்டும்போது வேண்டிய எண்ணைச் சற்றுத் தாண்டித் திருகி, பிறகு இறக்கிக்கொண்டு வந்து நிறுத்த வேண்டும். திருகு மரையில் சின்னத் தளர்வு உண்டு, ஒரே திசையிலிருந்து வந்தால் அது கணக்கைக் கெடுக்காது. எடுக்கும்போது பிப்பெட் செங்குத்தாக இருக்க வேண்டும், டிப் திரவத்துக்குள் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நொதிகளுக்கு இது இன்னும் முக்கியம். வெட்டும் நொதிகள் பெரும்பாலும் 50 சதவீத கிளிசரால் கலந்து வருகின்றன. டிப்பை ஆழமாக விட்டால் அதன் வெளிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு கூடுதல் நொதியும் கிளிசராலும் குழாய்க்குள் போய்விடும். வினையில் கிளிசரால் 5 சதவீதத்தைத் தாண்டினால் சில நொதிகள் வெட்டக் கூடாத இடத்திலும் வெட்ட ஆரம்பிக்கும். ஜெல்லில் எதிர்பாராத ஒரு பட்டை தெரிந்தபோது நான் பிளாஸ்மிட்டை, அதாவது மரபணுவைச் சுமக்கும் வட்ட டிஎன்ஏவை, சந்தேகப்பட்டு இரண்டு வாரம் வீணாக்கினேன். டிப்பின் நுனி மட்டும் படும்படி எடுத்த பிறகு அந்தப் பட்டை போய்விட்டது.

நீளமான மரபணுத் தொகுதி டிஎன்ஏவை எடுக்கும்போது டிப்பின் நுனியைச் சுத்தமான பிளேடால் நறுக்கிவிடுவேன். சின்ன ஓட்டை வழியாக வேகமாக இழுத்தால் அந்த நீண்ட இழை அறுந்துபோகும். அகல வாய் டிப் என்று தனியாகவே விற்கிறார்கள். நறுக்கியதும் நன்றாகத்தான் வேலை செய்தது.

அப்புறம் ஈ. ஒரே ஒரு ஈயிலிருந்து டிஎன்ஏ எடுக்க ஒரு பழைய முறை இருக்கிறது, அதை முதலில் பார்த்தபோது இந்தக் கருவியின் மேல் எனக்குத் தனி மரியாதையே வந்தது. 200-ல் 50 மைக்ரோலிட்டர் பஃபர் எடுத்துக்கொள்வோம். அதில் ட்ரிஸ், இடிடிஏ, உப்பு, புரோட்டினேஸ் கே இருக்கும். திரவத்தை வெளியே விடாமல், அந்த டிப்பையே உலக்கை மாதிரி வைத்துச் சின்னக் குழாயில் இருக்கும் ஈயை ஐந்து பத்து விநாடி நசுக்குவோம். தேவையான ஈரம் தானாகக் கசியும். நசுங்கிய பிறகு மீதியை விடுவோம். 37 டிகிரியில் அரை மணி நேரம், 95 டிகிரியில் ஓரிரு நிமிடம். அவ்வளவுதான், நேராகப் பிசிஆருக்குப் போகலாம். நெஞ்சும் இறக்கையுமாக இருந்த ஓர் உயிர் சில நிமிடங்களில் வரிசை படிக்கக்கூடிய மூலக்கூறாக மாறுவதை இந்த ஒரு கருவியின் நுனியில் பார்க்கலாம். நூற்றுக்கணக்கான ஈக்களை இப்படிச் சோதித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த நசுக்கும் விநாடியில் மனசு கொஞ்சம் நிற்கும்.

ஒரு பெண் பழ ஈயின் எடை ஏறக்குறைய ஒரு மில்லிகிராம். ஒரு மைக்ரோலிட்டர் தண்ணீரின் எடையும் அதேதான். இது தெரிந்த பிறகு பிப்பெட்டின் எண்களை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன். பசியை அளக்கும் சோதனையில் சர்க்கரைக் கரைசலை நுண்ணிய கண்ணாடிக் குழாயில் ஏற்றித் தொங்கவிடுவோம், ஈ அதிலிருந்து நாளொன்றுக்கு ஒன்றிரண்டு மைக்ரோலிட்டர் குடிக்கும். அதாவது தன் எடை அளவுக்கே குடிக்கிறது. இந்த அளவில் அரை மைக்ரோலிட்டர் பிழை என்றால், நம் கணக்கில் ஒரு ஈ அரைப்பட்டினி கிடந்ததாக எழுதிவிடுவோம்.

இனி முக்கியமான குறை. மூன்றாம் வருடத்தில் நடந்தது இது.

ஈயின் தலையில் என் மரபணுவின் ஆர்என்ஏ எத்தனை பிரதி இருக்கிறது என்று கியூபிசிஆர் (பெருகுவதைப் பார்த்துத் தொடக்கத்தில் இருந்த பிரதிகளைக் கணக்கிடும் பிசிஆர்) செய்து எண்ணிக்கொண்டிருந்தேன். அளவு தெரிந்த ஒரு டிஎன்ஏவை, 10 மைக்ரோலிட்டருக்கு 90 தண்ணீர் என்று படிப்படியாகப் பத்து பத்து மடங்கு நீர்க்கச் செய்து, அதை வைத்து ஒரு அளவுக்கோடு வரைவோம். மாதிரி அந்தக் கோட்டில் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பிரதிகளைக் கணக்கிடுவோம். என் கோடு அழகாக நேராக வந்தது. வினையின் திறன் 92 சதவீதம் காட்டியது; ஒவ்வொரு சுற்றிலும் டிஎன்ஏ சரியாக இரட்டித்தால் அது 100. 90-லிருந்து 110 வரை ஏற்றுக்கொள்வது வழக்கம் என்பதால் நானும் நிம்மதியாக இருந்தேன். நான்கு மாதம் அப்படியே போனது. பிறகு லேபில் இன்னொருவர் அதே மாதிரிகளைத் தன் பிப்பெட்டில் செய்து பார்த்தார். என் கணக்கில் இருந்த பிரதிகளில் பாதிதான் அவருக்கு வந்தது.

பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டான பிரைமரை மாற்றினேன். புதிதாக ஆர்என்ஏ எடுத்தேன். இயந்திரத்தைச் சந்தேகப்பட்டேன். எதுவும் சரியாகவில்லை. அப்போது லேபின் மூத்த மாணவி என் மேசைக்கு வந்து, "உன் இருபதை வைத்துத் தண்ணியை எடை போட்டுப் பாத்தியா?" என்று கேட்டார். "போன தடவை சர்வீஸ் பண்ணின ஸ்டிக்கர் இன்னும் காலாவதி ஆகலையே அக்கா" என்றேன். "ஸ்டிக்கர் அன்னிக்கு இருந்ததைச் சொல்லுது. இன்னிக்கு என்ன இருக்குன்னு தராசுகிட்ட கேளு" என்றார்.

10-ல் வைத்து எடை போட்டேன். 8.6 மில்லிகிராம். அடுத்தது 8.5. அடுத்தது 8.7. அன்று முழுவதும் பசியே எடுக்கவில்லை. உள்ளே ஓ-ரிங் தேய்ந்து ஓரத்தில் வெடித்திருந்தது. இழுக்கும்போது அந்த வெடிப்பு வழியே காற்று உள்ளே போகிறது, அதனால் திரவம் குறைவாக ஏறுகிறது.

உட்கார்ந்து கணக்குப் போட்டபோதுதான் இதன் முழு விபரீதமும் புரிந்தது. 10-க்குப் பதில் 8.6 போனால், 90 தண்ணீரில் கலந்து அது பத்து மடங்கு நீர்க்காமல் பதினொன்றரை மடங்கு நீர்க்கும். ஒரு படிக்கு 13 சதவீதக் குறைவு. ஐந்து படி இறங்கினால் குழாயில் நான் நினைத்ததில் பாதிதான் இருக்கும். ஒவ்வொரு படியிலும் ஒரே விதமாகக் குறைந்ததால் கோடு நேராகவே வந்தது. கோட்டின் சாய்வு மட்டும், திறன் 100 என்றால் வர வேண்டிய 3.32-க்குப் பதில் 3.52 ஆனது, அதுதான் திறனை 92 என்று காட்டியது. நூறு வர வேண்டிய வினை ஏற்கத்தக்க எல்லைக்குள் ஒளிந்துகொண்டுவிட்டது. என் மரபணு மிகக் குறைவாக உருவாவது என்பதால் என் மாதிரிகள் எல்லாம் கோட்டின் அடியில், பிழை மிகப் பெரிதாக இருந்த அந்த இடத்திலேயே விழுந்திருந்தன. நான்கு மாத எண்களைத் தூக்கிப்போட்டேன். வழிகாட்டிப் பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. எடை போட்ட தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, லேபில் எல்லோருடைய பிப்பெட்டையும் அந்த வாரமே சோதிக்கச் சொன்னார்.

அதனால் இந்த மதிப்புரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள் என்றால் இதைத்தான் சொல்வேன்: மாதம் ஒருமுறை தண்ணீரை எடை போடுங்கள். அரை மணி நேர வேலை. ஒரு சின்ன மூடியில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஆவியாவது குறையும்படி செய்து, தராசில் வைத்துப் பூஜ்யமாக்கி, பத்து முறை விட்டு ஒவ்வொன்றையும் எழுதுங்கள். 20 டிகிரியில் ஒரு மைக்ரோலிட்டர் தண்ணீர் 0.998 மில்லிகிராம். பிப்பெட்டுகளுக்கான ஐஎஸ்ஓ 8655 தர விதிப்படி, 20 பிப்பெட் முழு அளவில் 0.2 மைக்ரோலிட்டருக்கு மேல் விலகக் கூடாது. சாதாரணமாக லேபில் இருக்கும் நான்கு தசமத் தராசில் 20, 200, 1000 மூன்றையும் சோதிக்கலாம். 2-க்கு அது போதாது, நிறமுள்ள ஒரு சாயத்தை அந்தப் பிப்பெட்டால் எடுத்துத் தெரிந்த அளவுக்கு நீர்க்கச் செய்து நிறத்தின் அடர்த்தியை அளக்கும் ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரில் படிப்பேன். எடை போட நேரமில்லாத நாளில், முழு அளவு தண்ணீரை இழுத்துச் செங்குத்தாக 20 விநாடி பிடித்துப் பார்ப்பேன். நுனியில் துளி தொங்கினால் அன்றைக்கு அந்தப் பிப்பெட்டுக்கு ஓய்வு.

ஓ-ரிங் மாற்றுவது கடினம் இல்லை. கழற்றி, பிஸ்டனைத் துடைத்து, புது ரிங்கில் கொடுத்த கிரீஸை மிக மெல்லியதாகத் தடவி மாட்டினால் சரி. மாற்றியதும் என் 20, பத்துக்கு 9.96 காட்டியது. உதிரி பாகம் எளிதாகக் கிடைப்பது இந்தப் பிப்பெட்டின் பெரிய பலம். ரிங்கை மாற்றிக்கொள்ள முடியாத ரகமாக இருந்திருந்தால் நான் இவ்வளவு நல்லதாக எழுதியிருக்க மாட்டேன். டிப்பில் திரவத்தோடு பிப்பெட்டை மேசையில் படுக்க வைக்காமல் இருந்தால் ரிங்கும் பிஸ்டனும் கூடுதல் காலம் வரும். படுக்க வைத்தால் திரவம் தண்டுக்குள் ஓடி அரிக்கும்.

கட்டைவிரலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்பிரிங் கொஞ்சம் கடினம். 96 குழித் தட்டுகளை ஒற்றைப் பிப்பெட்டால் நிரப்பிய மாதங்களில், கட்டைவிரலின் அடியில் தொடங்கிய வலி மணிக்கட்டு வரை வந்தது. எட்டு வாய் பிப்பெட்டுக்கு மாறினேன், 96 அழுத்தல் பன்னிரண்டாகக் குறைந்தது. தினமும் தட்டுத் தட்டாகச் செய்பவர்கள் மின்சாரப் பிப்பெட்டுக்கே போய்விடுங்கள், வலி வரும் வரை காத்திருக்க வேண்டாம். நான் ஒரு வருடம் காத்திருந்தது தவறு.

இந்தக் கருவிக்கு முன்பு லேப்களில் கண்ணாடிக் குழாயில் வாய் வைத்து உறிஞ்சித்தான் அளந்தார்கள். அமிலமும் நோய்க்கிருமியும் வாய்க்குள் போன காலம் அது. ஜெர்மனியின் மார்பர்க்கில் ஹைன்ரிஷ் ஷ்னிட்கர் என்பவர் 1957-ல் ஸ்பிரிங்கும் பிஸ்டனும் காற்றுத் தலையணையும் உள்ள முதல் வடிவத்தைச் செய்தார். எப்பண்டார்ஃப் கம்பெனி அதை எடுத்துச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அளவைத் திருகி மாற்றும் வடிவம் 1970-களின் தொடக்கத்தில் விஸ்கான்சினில் வாரன் கில்சனிடமிருந்து வந்தது. என் கையில் இருப்பதைப் பிரித்துப் பார்த்தால் அடிப்படையில் அதே அமைப்புதான். வாயால் உறிஞ்ச வேண்டிய நிலையில் என்னால் இந்த ஆய்வைச் செய்திருக்கவே முடியாது. அதை நினைக்கும்போது இவர்கள் மேல் உண்மையாகவே நன்றி வருகிறது.

டிப்பைத் தள்ளிவிடும் பொத்தான் நான்கிலும் இன்னும் சுத்தமாக வேலை செய்கிறது. அளவு காட்டும் எண்கள் சின்னவை, லாமினார் கூண்டின் (வடிகட்டிய சுத்தமான காற்று ஓடும் வேலைப்பெட்டி) கண்ணாடிக்குப் பின்னால் படிக்கக் கஷ்டம். அளவைப் பூட்டிவைக்கும் வசதி இல்லாதது ஒரு குறை. நீண்ட வேலையில் கை பட்டு 10.0 என்பது 10.2 ஆகிவிடும், அதனால் ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் எண்ணைப் பார்க்கும் பழக்கம் வந்தது. வேறு கம்பெனி டிப்புகளும் பொருந்தும் என்கிறார்கள். பொருந்துகின்றன, ஆனால் 20-ல் ஒரு வகை டிப் போட்டபோது எடை 3 சதவீதம் குறைந்தது. டிப்பை மாற்றினால் மறுபடி எடை போடுங்கள். ஆர்என்ஏவுக்கும் கியூபிசிஆருக்கும் வடிகட்டி உள்ள டிப் கட்டாயம். அது இல்லாமல் ஒருமுறை ஆவித்துளி தண்டுக்குள் ஏறிவிட்டால் அடுத்தடுத்த மாதிரிகள் எல்லாவற்றிலும் பழைய டிஎன்ஏ தலைகாட்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு இந்தத் தொகுப்பைத் தயக்கமில்லாமல் சொல்வேன், 2 தவிர. பொதுப் பிப்பெட்டைப் பகிர்ந்துகொள்ளும் லேபில் இருந்தால், 20-ஐயாவது உங்களுக்கென்று ஒன்று கேட்டு வாங்குங்கள். அது என்றைக்குக் கெட்டது என்று தெரிய வேண்டுமானால் அது ஒரே கையில் இருக்க வேண்டும்.

நான் கிளம்புவதால் அடுத்த மாதம் சேரும் மாணவருக்கு இந்த ஸ்டாண்ட் போகிறது. நேற்று நான்கையும் துடைத்து, 20-க்கும் 200-க்கும் புது ரிங் மாட்டினேன். எடை நோட்டில் முப்பத்தோரு மாதப் பதிவு இருக்கிறது, அதையும் ஸ்டாண்டோடு கட்டி வைத்திருக்கிறேன். முதல் பக்கத்தில் 8.6 எழுதிய தாளை ஒட்டியிருக்கிறேன்.